தண்ணீருக்குக் கழித்த எடை

கிளினிக் வாசலில் மகள் ஒரு போத்தல் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்து முடித்ததைப் பார்த்த அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் திறந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகக் கொழுந்து நிறுக்கிறேன். பெண்கள் மலையிலிருந்து சாக்கைக் கொண்டு வந்து தராசில் மாட்டுவார்கள். நான் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வேன், கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். மழை நாளில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிக்க வேண்டும். மழையே இல்லாத நாளிலும் சில சாக்குகள் நனைந்து வரும். எடை குறைந்தால் முழு நாள் சம்பளம் அரை நாளாகிவிடும் என்று பயந்து, வரும் வழியில் பீலியில் கொட்டும் தண்ணீரில் சாக்கை ஒரு முக்கு முக்கியிருப்பார்கள். அடியில் கல் கிடந்ததும் உண்டு. கையால் தூக்கினாலே எனக்குத் தெரிந்துவிடும். யாரையும் திட்ட எனக்கு வராது. தலையைக் குனிந்துகொண்டு கழித்துச் சொல்வேன். அதற்கே என்னை ஊமைக் கொள்ளி என்பார்கள்.

மருமகனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. தலைப்பிள்ளை என்பதால் நான்காம் மாதத்திலேயே மகள் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மனைவி தினமும் கொழுந்துக்குப் போகிறவள். எனக்கு இப்போது கிழமையில் நான்கு நாள்தான் வேலை. அதனால் மாதம் ஒரு முறை மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பானது. அங்கே ஆண்கள் யாரும் இருப்பதில்லை. நான் வெளியே ஜன்னல் ஓரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே பேசுவதெல்லாம் காதில் விழும்.

இரண்டாம் முறை, ஐந்தாம் மாதம் போனபோது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற மிட்வைப் நோனா மகளைத் தராசில் ஏற்றி, எடை குறிக்கிற அட்டையைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். சிங்களப் பெண், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். போன மாதம் இருந்த அதே எடைதான் இருக்கிறது, வயிற்றில் பிள்ளை வளர வேண்டாமா, கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்து மாவெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டு தராசிலிருந்து இறங்கினாள். அவளும் என்னைப் போலத்தான்.

மாவு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் மனைவி அதில் தேங்காயும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து, லயத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுப்பாள். தேத்தண்ணியோடு எனக்கும் இரண்டு வைப்பாள். நானும் தின்றேன். மகளுக்கு மட்டும் அரை உருண்டை. சோறும் அப்படித்தான், சின்ன அகப்பையில் ஒன்றரை.

மனைவியைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. எங்களுடைய முதல் பிள்ளை பெரிய பிள்ளை. இரண்டு நாள் வலி. கடைசியில் கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். தின்றால் பிள்ளை பெருக்கும், பெருத்தால் கத்தி வைப்பார்கள், இல்லாவிட்டால் சாவு. நான் ஒருநாள் மெதுவாக, நோனா நன்றாகச் சாப்பிடத்தானே சொன்னார் என்றேன்.

"நோனாவா வந்து முக்கப் போறாங்க?" என்றாள். "நாலு வாய் போதும் அவளுக்கு. நீங்க ஒங்க தராச மட்டும் பாருங்க."

நான் என் தராசைப் பார்க்கப் போனேன்.

அடுத்த மாதம்தான் அந்தத் தண்ணீர்ப் போத்தல். ஒன்றரை லீட்டர். என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லாமலே, முந்தானையால் மறைத்துக்கொண்டு குடித்தாள். எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. நோனா, கெட்டிக்காரி என்று சொல்லி அவள் தோளைத் தட்டினார். மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திரும்பும்போது பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒரு கடைக்குப் பின்னால் ஓடினாள். நான் கொண்டக்டரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் எனக்குப் புரிந்தது. பெண் பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

பீலியில் முக்குகிறவர்களுக்குத் தெரியும், இன்று ஒரு கிலோ ஏமாற்றினால் நாளைக்கும் அதே ஒரு கிலோவைக் காட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி அட்டை அதைவிடப் பொல்லாதது. ஒவ்வொரு மாதமும் கோடு மேலே ஏற வேண்டும். ஏழாம் மாதம் மகள் இரண்டு போத்தல் குடித்தாள். அதற்கு மேல் என்னுடைய கனமான சுவெட்டரைப் போட்டுக்கொண்டாள். குளிர் என்பதால் நோனா அதைக் கழற்றச் சொல்லவில்லை. கோடு அழகாக ஏறியது.

அதைவிட மோசமானது வீட்டில் நடந்தது. மனைவி அட்டையை வாங்கிப் பார்த்தாள். எழுத்து அவளுக்கு வராது, எடை எண் நன்றாக வரும்.

"பாத்தியா, எப்புடி ஏறுதுன்னு. இனிமே ராவைக்குச் சோறு வேணாம். ரெண்டு ரொட்டி போதும்."

இல்லாத எடைக்காக இருந்த சோறும் போயிற்று. மகள் என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைத் திருகினேன்.

எட்டாம் மாதம் கிளினிக் நாளன்று காலையில் மனைவி இஞ்சி தட்டுகிற கல்லைக் காணவில்லை என்று அடுப்படி முழுவதும் தேடிவிட்டு மலைக்குப் போனாள். பஸ்ஸில் ஏறும்போது மகளுடைய சுவெட்டர்ப் பை கம்பியில் மோதி டக்கென்று சத்தம் கேட்டது. கல் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் வளைவு வளைவாக இறங்கியது. சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கும் இடமும் வந்துவிட்டது.

மகள் வாசலில் போத்தல்களைக் காலி செய்துவிட்டு உள்ளே போனாள். நான் ஜன்னல் ஓரம் நின்றேன். நோனா எடையை எழுதினார். பிறகு மகளைப் படுக்கவைத்து நாடாவால் வயிற்றை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். எடை இவ்வளவு ஏறியிருக்கிறது, வயிறு ஏறவில்லையே என்றார். காலை அழுத்திப் பார்த்தார், பிரஷரும் பார்த்தார். உடம்பில் நீர் கோர்க்கிறதோ தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் காட்டும்வரை சோற்றையும் சீனியையும் கொஞ்சம் குறைத்துக்கொள் தங்கச்சி என்றார்.

இன்னும் குறைப்பதா. என் கால் எப்படி உள்ளே போனது என்று தெரியாது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சேலையைச் சரிசெய்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"நோனா, அது அந்தப் புள்ளயோட எடை இல்லீங்க. தண்ணிக்கும் கல்லுக்கும் கழிக்கணும். நாலு கிலோ போகும்."

நீங்கள் யார் என்று நோனா கேட்டார்.

"அப்பாங்க. கொழுந்து நிறுக்கிறவன்."

எங்கள் மலையில் கொழுந்தெடுக்கிற ஒருத்தியும் அங்கே இருந்தாள். "எங்க கொழுந்துல கழிச்சது பத்தாதுன்னு பெத்த பொண்ணுகிட்டயும் கழிக்க வந்துட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. பையிலிருந்து இஞ்சிக் கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். நோனா அவளைக் கக்கூசுக்குப் போய் வரச் சொல்லி, சுவெட்டர் இல்லாமல் மறுபடி தராசில் ஏற்றினார். நாலு கிலோ நூறு குறைந்தது. அவர் அப்போது யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் நோனா லயத்துக்கே ஏறி வந்தார். மனைவியோடு அரை மணி நேரம் பேசினார். முதல் பிள்ளையின்போது உங்களுக்கு இரத்தத்தில் சீனி பார்த்தார்களா என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. பிள்ளை பெருத்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம், சோறு மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்கள் மகளுக்குப் பார்த்தாயிற்று, சீனி இல்லை, பிள்ளைதான் மெலிந்துபோய் இருக்கிறது என்றார். அன்று மாலை மகளுடைய சோற்றுக் கோப்பையில் சோறு நிறைய இருந்தது, பருப்பும் ஒரு முட்டையும் இருந்தன. உருண்டை டப்பாவை மனைவி லயத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாள். மகள் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. ஆனால் முட்டையைச் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிடக் கிடைத்தது ஐந்து கிழமைதான், அதற்குள் வலி கண்டுவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். இரண்டு கிலோ நானூற்றைம்பது என்று தாதி சொன்னார். துணியோடா, துணி இல்லாமலா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, துணி இல்லாமல்தான் என்றார். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று நோனா சொல்லிக்கொண்டே இருந்தார். ஐம்பது கிராம் குறைவு. ஒரு பிடி கொழுந்து அவ்வளவு வரும். நான் இரண்டு மாதம் முன்பு பேசியிருந்தால் அந்த ஒரு பிடி இருந்திருக்கும்.

மனைவி பிள்ளையைப் பார்த்துவிட்டு முகம் நிறையச் சிரிப்போடு வந்தாள். "நாந்தான் சொன்னேனே. சின்னப் புள்ள, சுகமாப் பொறந்துருச்சு. கத்தி வச்சாங்களா?"

"அம்பது கிராம் கொறைவு" என்றேன்.

"அம்பது கிராமெல்லாம் ஒரு எடையா?" என்றாள்.

தன் கொழுந்துச் சாக்கை நான் நிறுத்தபோது தராசு முள் ஒரு கோடு கீழே நின்றதற்காக என்னோடு ஒரு கிழமை பேசாமல் இருந்தவள் இவள்தான்.