அக்கா கையில் காவா

காய்ச்சல் போனபோது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஒயின் பரிமாறுவது என் வேலை. பாட்டிலைத் திறந்து முகர்ந்து, எந்தச் சாப்பாட்டுக்கு எது ஒத்துப்போகும் என்று சொல்ல வேண்டும். மூக்கில்லாமல் எதைச் சொல்வது? மேலாளர் கெட்டவர் இல்லை. "ஒரு மாசம் ஊருக்குப் போய்ட்டு வா. அப்பவும் வாசன தெரியலன்னா சலவைப் பக்கம் மாத்திடறேன்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெட்ஷீட் மடிக்கவா இத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன்?

மலைமேல் புதூர்நாட்டில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பையில் ஒரு காவா பாட்டில். காவா ஸ்பெயின் நாட்டு ஒயின். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு நுரையை அடைத்து வைப்பார்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில் வாட்டிய ரொட்டி. அதன் வாசனை எனக்கு மனப்பாடம். மூக்கு திரும்பினால் இதில்தான் முதலில் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்கள் ஒரு மாதிரியானவை. மஞ்சு இறங்கும், ஏறும். மரம் இருந்தது, மாடு இருந்தது, அடுப்புப் புகை இருந்தது. எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல மணமில்லாமல் இருந்தன. நடக்கிறேனா தூங்குகிறேனா என்றுகூடச் சில வேளை தெரியவில்லை. அக்கா மட்டும் விடவில்லை. வறுத்த மல்லியைக் கொண்டுவந்து மூக்கடியில் நீட்டுவாள். "இன்னாடா, தெரிதா?" ஒரு நாள் சாணி அள்ளிய கையோடே வந்து நின்றாள். அதுவும் தெரியவில்லை.

மாசம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம், பாட்டிலைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஈரச் சாக்கைச் சுற்றிப் பானைத் தண்ணீரில் குளிர வைத்திருந்தோம். உப்பும் எண்ணெயும் உள்ள பண்டம் இதற்குப் பொருந்தும் என்று சொன்னதும், ஜமுனாமரத்தூர் சந்தையில் வாங்கின கருவாட்டை அக்கா மொறுமொறுவென்று வறுத்து வைத்தாள்.

தக்கையை இழுத்தேன். டப்பென்று வெடித்து, நுரை என் மடியெல்லாம் வழிந்தது.

"ஐயோ, கெட்டுப்பூட்ச்சுடா! பொங்குது பாரு!" அக்கா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவள் சமையலறையில் நுரைத்துப் பொங்கியது எதுவானாலும் வாழைமரத்தடிக்குத்தான் போகும். பாதி பாட்டில் மண்ணுக்குப் போனபின்தான் என் கத்தல் அவள் காதில் ஏறியது.

"அடிப்பாவி! அது அப்படித்தான் பொங்கும்!"

"பொங்கறத எவனாச்சும் துட்டு குடுத்து வாங்குவானா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சத்தை டம்ளரில் ஊற்றினேன். தூறல் விழுவதுபோல மெல்லிய சத்தம். ஒரு துண்டு கருவாடு, ஒரு மிடறு. நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கைக் குமிழிகள் துடைத்துக்கொண்டு போவதும் தெரிந்தது. இனி வாசனை வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு டம்ளருக்குள் மூக்கை விட்டேன். ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை. டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தேன். என் வாழ்க்கை போயிற்று என்று நினைத்தேன்.

"டம்ளர்ல இன்னா தெரியும்? தேன் பாக்கற மாரி பாரு" என்றாள் அக்கா. எங்கள் மலையில் தேன் வாங்க வருகிறவர் உள்ளங்கையில் ஊற்றித்தான் ருசி பார்ப்பார். தன் கையைக் குழித்து, கொஞ்சம் ஊற்றி, என் முகத்தருகே நீட்டினாள். குமிழிகள் அவள் ரேகைகளில் வெடித்தன. குனிந்து முகர்ந்தேன்.

"புளி" என்றேன்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "ஆப்பிளுன்ன, எலுமிச்சன்ன. இதுல எங்கடா புளி இருக்குது?" குரல் உடைந்தது. "வுட்றா. துணி மடிச்சா இன்னா, அதுவும் வேலதான்."

மத்தியானம் முழுக்க அவள் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்திருந்தாள். விலகப் போன கையை இழுத்துப் பிடித்து மறுபடி முகர்ந்தேன். புளி. பூண்டு. விறகுப் புகை. ஒயின் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஒயின் இல்லக்கா" என்றேன். "உன் கை."