ஐந்தாம் மாடியில் கொடுத்த தாள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஓர் அடுக்குமாடியில் நாங்கள் வீட்டு வன்முறை பற்றி ஆய்வு செய்தபோது, பெண்களிடம் கேள்வி கேட்க எங்களோடு வந்தவர் அவர். அங்கேயே குடியிருந்து படி கூட்டும் அக்கா. கட்டையான உருவம், முன்கையில் கொதிநீர் பட்ட பழைய தழும்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஆண் செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். கிடந்தால், "சும்மா வந்தேன் லா" என்று சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஆய்வுக்குச் சம்மதம் என்று பெண்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் நகலை மட்டும் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

"பேப்பர் வீட்டுல இருக்கக் கூடாது மிஸ். அவன் கண்ணுல பட்டா இவ செத்தா."

"கொடுக்கணும்க்கா. அதான் ரூல்," என்றேன். ஐந்தாம் மாடிப் பெண்ணுக்கு நானே ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா அந்தத் தாளை என் மேசையில் விரித்தார். ஓரமெல்லாம் இரத்தம் காய்ந்திருந்தது. அரிசி வாளிக்கு அடியில் அதைக் கண்ட புருஷன், ஹெல்மெட்டால் அடித்தே அவள் தாடையை உடைத்திருந்தான்.

"படிங்க மிஸ். சத்தமா."

நான் எழுதிய வரிதான். "இந்த ஆய்வில் பங்கேற்பதால் உங்களுக்கு எந்தத் தீங்கும் நேராது."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவகிட்டயும் ஒருக்கா படிச்சுக் காட்டுங்க," என்றார்.

வார்டில் நுழைந்ததும், பழக்கம்போலக் கட்டிலைச் சுற்றித் தரையைப் பார்த்தார். ஆண் செருப்பு இல்லை. பிறகு என் பக்கம் திரும்பித் தாளை நீட்டினார்.

என் கண்முன் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.