சீனி போடாத கோப்பி

சாவு வீட்டுக்கு வந்த சனத்தில் பாதி, என் மனைவியின் முகத்தைப் பார்த்த கையோடு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே அடுப்போரமாக மேசையை அடைத்துக்கொண்டு கோப்பி மெஷின் இருந்தது. மோட்டார் சைக்கிளை விற்று இத்தாலி மெஷின் வாங்கிய கிறுக்கன் என்று எங்கள் ஊர் அம்பிட்டியவில் என் பெயர் அடிபட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். அதே மூச்சில், இப்போது விற்றால் என்ன விலைக்குப் போகும் என்றும் கேட்டார்.

அவளுக்குத் தொண்டையில் நோய். வைத்தியம் தொடங்கிய பிறகு சோறு, குழம்பு, பழம் எல்லாமே இரும்பை நக்குவது போல இருக்கிறது என்றாள். எல்லாவற்றிலும் மோசம் சீனி. ஒரு கரண்டி உள்ளே போனாலே குமட்டி எடுத்துவிடும். ஒரு நாள் கிளினிக் முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வாவிக்கரையில் இருந்த ஒரு கோப்பிக் கடையில் ஒதுங்கினோம். எங்களைப் போன்றவர்கள் நுழைகிற கடை இல்லை அது. சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, விலைப்பலகையில் இருந்ததிலேயே விலை குறைந்ததைக் கேட்டேன். சின்னக் கோப்பையில் கன்னங்கரேலென்று வந்தது. அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதுங்க," என்றாள். பிறகு சிரித்தாள். "நல்லா கசக்குதுங்க."

வீட்டில் கோப்பித்தூளைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், வடிகட்டிக் கொடுத்தேன். இரும்புதான் என்று தள்ளிவிட்டாள். அதன் பிறகுதான் மோட்டார் சைக்கிள் போனது. பல்லேகலயில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் அவள் தம்பி வந்து மெஷினுக்குத் தனி வயர் இழுத்துத் தந்தான். நோயாளியை இனி பஸ்ஸிலா கூட்டிப் போவீங்க, மச்சான், என்று திட்டிக்கொண்டேதான் இழுத்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் இனி எத்தனை தடவை போகப்போகிறாள் என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் அடுத்த அறையில் படுத்திருந்ததால் அதை விழுங்கிவிட்டு வயரைப் பிடித்துக்கொடுத்தேன்.

முதலில் எல்லாம் புளித்த தண்ணீர்தான் வந்தது. தூளை நைசாக அரைத்தால் சொட்டாது, கொஞ்சம் கரகரப்பாக அரைத்தால் கொட்டிவிடும். அவள் கதிரையில் சாய்ந்துகொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி தலையை ஆட்டுவாள். சரியாக வந்த காலைகளில் நாலைந்து வாய் குடிப்பாள். அவளுடைய சாப்பாடே அதுதான். அந்த மெஷின் காசுக்குப் பெறுமதியா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மோட்டார் சைக்கிளில் ஏற்றி உலகத்தையே சுற்றிக் காட்டியிருந்தாலும் அந்த நாலு வாய் கிடைத்திருக்காது. பிறகு தொண்டை அடைத்துப்போனது. கரண்டியால் உதட்டை நனைத்தேன். ஒரு காலையில் அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கருமாதி அன்று படையல் இலையில் அவளுக்குப் பிடித்த எல்லாவற்றையும் வைத்தார்கள். நான் மெஷினைப் போட்டு ஒரு கோப்பை பிடித்துவந்து வைத்தேன். கற்பூரம் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அவளுடைய அக்கா, என் மதினி, அந்தக் கோப்பையில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"வெறும் கசப்பா வச்சிட்டீங்களே தம்பி. என் தங்கச்சி சீனி இல்லாம கோப்பியத் தொடவே மாட்டாளே," என்று அழுதார்.

மதினி தூரத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர். படுத்த படுக்கையான மாமியாரை விட்டுவர முடியாமல் போனிலேயே விசாரித்து வந்தவர். என் மனைவியும் அவரிடம், நல்லா சாப்பிடுறேன்க்கா, என்றே சொல்லி வந்தாள். கோப்பையை அப்படியே விட்டுவிட்டேன். கற்பூரம் காட்டினோம். செத்தவள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம்.

என்னால் நிற்க முடியவில்லை. அவள் ஆசையோடு வந்து அந்தக் கோப்பையை எடுப்பாள், ஒரு வாயிலேயே குமட்டிவிடும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். திறக்கக் கூடாது என்று பின்னால் யாரோ அதட்டினார்கள். சீனிக் கோப்பியைக் கொட்டிவிட்டு, புதிதாகத் தூள் போட்டு அழுத்தி மெஷினைத் தட்டினேன். அது இரைகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். கோப்பையை இலையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அவளுக்கு இனிப்பு ஒத்துக்காது மதினி," என்றேன்.

மதினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப இருந்து, தம்பி?"

நான் கதவைச் சாத்தினேன்.