குருட்டு நாய்க்காக அந்தோனியாரிடம் சண்டை போட்டேன்

சர்வேசுரனுடைய பிள்ளைகளே, எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தூத்துக்குடியில் எங்கள் கடற்கரைத் தெருவுக்கே தெரியும். அதனால் இந்தச் சாட்சியத்தைப் பவ்வியமாகச் சொல்ல என்னால் ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டைக் காலம் அது. ரங்கூன் அரிசி நின்றுபோய், கூப்பன் அரிசிக்கு வெயிலில் வரிசை நின்ற வருஷம். என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகிற தோணியை நடத்தும் தண்டல். மாதத்தில் நாலைந்து நாள்தான் கரையில் இருப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் எனக்குத் துணை ஒரு நாய். தோணியிலேயே பிறந்த குட்டி என்பதால் கப்பித்தான் என்று பேர் வைத்திருந்தோம்.

ஆவணி மாதம் ஒரு நாள் காலையில் வெளியே போன கப்பித்தான், மத்தியானம் சுவரில் முட்டி முட்டி வீடு வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் வெள்ளை. இரண்டு கண்ணும் வெந்து மூடியிருந்தன. சுண்ணாம்பு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் கடற்சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற காளவாசல் இருக்கிறது. சுட்ட சிப்பியைக் கொட்டுகிற குழிக்கு ஒரு மூடி கிடையாது, ஒரு வேலி கிடையாது. நேரே போய்க் காளவாசல்காரர் சவரியண்ணனைக் கேட்டேன். மனுஷன் கழுத்துச் செபமாலையைத் தொட்டுக்கொண்டு, "ஒன் நாயி எங்க குழிப் பக்கமே வரலளா" என்றார். கோயில் சப்பரத்துக்கு முன்னால் குடை பிடிக்கிற கை அது.

அங்கே கூடை சுமந்துகொண்டிருந்த பேச்சியம்மாளையும் கேட்டேன். ஏரல் பக்கத்துக்காரி, புருஷன் இல்லாதவள். முக்காடு போட்ட தலையை நிமிர்த்தாமல், "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். கூலிக்கு நாக்கை விற்றவளே என்று அவளை நடுத்தெருவில் வைத்து ஏசிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து கப்பித்தானுக்கு நான்தான் கண். விடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டு இமையில் ஒட்டின பீளையைத் துடைக்க வேண்டும். வீட்டில் ஒரு முக்காலியை இடம் மாற்றினாலும் போய் முட்டிக்கொள்ளும். வெளிக்குப் போகக் கயிறு பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். எல்லாவற்றிலும் பெரும்பாடு தண்ணீர்தான். சட்டியில் தண்ணீர் சலசலத்தால் போதும், நடுங்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடும். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. துணியை நனைத்து வாயோரம் வைத்தால் மட்டும் சப்பிக் குடிக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அப்படி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து மாதம்.

தெருவில் சும்மா விட்டார்களா? "மனுசனுக்கே கஞ்சியக் காணும், குருட்டு நாயிக்குச் சோறு கேக்குதோ?" என்றார்கள். நான் என் பங்கில் பாதியைப் போட்டேன். இவர்கள் சட்டியிலா கை வைத்தேன்? அடித்துக் கொன்றுவிட்டால் புண்ணியம் என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. அது குட்டியாக ஓடி விளையாடியபோது கொஞ்சினவர்கள்தான் அத்தனை பேரும். கண் போனால் உறவும் போய்விடுமா?

தை மாதம் வனத்து அந்தோனியார் திருநாள் வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போவோம். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். கப்பித்தானுக்கும் ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். எத்தனை புத்திகெட்ட காரியம் பாருங்கள். தண்ணீர் என்றால் நடுங்குகிற பிராணியைத் தீர்த்தம் தெளிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

தீர்த்தம் முகத்தில் பட்டதுதான் தாமதம், அது அலறின அலறலில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வாயில் நுரை தள்ளியது.

"வெறி நாயி. தண்ணியக் கண்டு பயப்படுது பாருங்க" என்றாள் ஒருத்தி.

"தீர்த்தம் பட்டு அலறுதுன்னா உள்ள பேயில்ல இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டுல எதுன்னாலும் ஒண்ணுதான். அடிச்சுப் போடுங்கல" என்றார் சவரியண்ணன். அவர் குழிதான் அதன் கண்ணைத் தின்றது. கம்புக்கு முதலில் கை நீட்டினதும் அவர்தான்.

நாயை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் போய் வாசல் கதவைத் தாழ் போட்டேன். வாசலில் கம்பும் கல்லுமாகக் கூட்டம். "ஏளா செலின், கதவத் தெற. ஊர்ப் பிள்ளைகளக் கடிச்சா யாருளா பதில் சொல்லுதது?" என்று கத்தினார்கள். கதவு பழைய பலகை. எவ்வளவு நேரம் தாங்கும்?

அப்போது நான் செய்தது செபம் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. முழங்காலில் நின்றேன், அழுதேன், ஏசினேன். "அந்தோனியாரே, சொரூபத்தில் உம்முடைய காலடியில் பன்றிக்குக்கூட இடம் இருக்கிறதே, என் குருட்டு நாய்க்கு இல்லையா? உம்முடைய திருநாளில், உம்முடைய வாசலில், உம்முடைய தீர்த்தத்தாலேயே இதைச் சாகக் கொடுக்கவா ஐந்து மாதம் பார்த்துக்கொண்டேன்? இதற்கு நியாயம் பேச ஒரு ஆளை அனுப்பும். இல்லையென்றால் இனி உமக்கு மெழுகுதிரி கிடையாது" என்றேன். கப்பித்தான் என் மடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைக்கவில்லை, வெளியே சத்தம் அடங்கியது. பங்குச் சாமியார் வந்திருந்தார். அவர் பின்னாலேயே ஒரு பெண்குரல்.

"சாமி, நாந்தான் அத குழியிலேருந்து தூக்குனேன். கண்ணுலயும் மேலயும் சுண்ணாம்பு அப்பிக் கெடந்துச்சு. மொதலாளி தண்ணிய ஊத்துன்னாரு. ஒரு கொடம் ஊத்துனேன். சுண்ணாம்பு அது மேலயே கொதிச்சுப் போச்சு. அந்த அலறல் இன்னும் எங் காதுல கெடக்கு. அதான் தண்ணின்னா பயப்படுது. வெறியும் இல்ல, பேயும் இல்ல."

பேச்சியம்மாள். நான் நாக்கை விற்றவள் என்று ஏசினேனே, அவளேதான்.

"நாளையிலேருந்து வேலைக்கு வராத" என்றார் சவரியண்ணன்.

"வரல" என்றாள்.

கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வந்து, பானையில் கையை நனைத்து, எல்லாரும் பார்க்கக் கப்பித்தானின் வாய்க்குள்ளேயே கொடுத்தாள். "கடிச்சா நான் சாவுதேன், ஒங்களுக்கென்ன" என்றாள். அது அவள் கையை நக்கி நக்கிக் குடித்தது. வெறி பிடித்த நாய் பத்து நாள் தாண்டாது, அதுவரை கட்டிவைத்துப் பார்க்கலாம், அதற்குமுன் யாரும் கை வைக்கக்கூடாது என்று சாமியார் தீர்த்துச் சொன்னார். பத்து நாளும் தாண்டியது. கப்பித்தான் அதற்குப் பிறகும் மூன்று வருஷம் என் வீட்டில் உண்டு உறங்கி, வயதாகித்தான் செத்தது. தோத்திரம்.

இத்தோடு முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஒன்றை மறைத்தால் சாட்சியம் ஆகாது என்று மனசு குத்துகிறது.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு பேச்சிக்குக் கஞ்சி கொடுத்தேன். குனிந்து வாங்கும்போது முக்காடு சரிந்தது. வலது கண் முழுக்க வெள்ளை.

"ஏளா, கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"அதே குழிதாம்மா. நாலு வருசமாச்சு."

நாலு வருஷமும் தினம் இரண்டு தடவை என் வாசல் வழியாகத்தான் அவள் போய்வந்தாள். நாயின் கண்ணுக்காகத் தெருவையே கூட்டின நான், அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. சவரியண்ணனை ஏசின வாயால் என்னை எதைச் சொல்லி ஏசுவது?

மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து நேரே சாமியாரிடம். ஊரைக் கூட்டி அவர் சொன்ன பிறகுதான் அந்தக் குழிக்குச் சுற்றுச்சுவர் வந்தது. பேச்சி இப்போது என்னோடு உப்புச் சாக்குத் தைக்கிறாள்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அந்தோனியாரை நம்பிக் கேளுங்கள். அழுது கேட்க வராவிட்டால் என்னைப்போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் உதவி என்று வருகிற ஆளின் முகத்தையும் பாருங்கள். பேச்சியின் கண்ணைப் பரிசோதித்த டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: "இனிமே ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அன்னைக்கே யாராவது கூட்டிட்டு வந்திருக்கலாம்."