226 வரும் வரை

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. கம்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஸ்கேன் படங்களை இணையம் வழியாக மதுரையில் இருக்கும் டாக்டருக்கு அனுப்புவது என் வேலை. அவர் பார்த்துவிட்டு போனில் முடிவைச் சொல்வார்.

அனுப்பும்போது அந்தப் பக்கத்து சர்வர் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 150 வந்தால், படத்தை வாங்க ஆரம்பித்திருக்கிறது. 226 வந்தால், முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. வழக்கமாக 226 தானாக வந்துவிடும் என்பதால், 150 தெரிந்ததுமே "போயிருச்சு" என்று சொல்லி, முடிவைப் பிறகு தெரிவிக்கலாம் என்று ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் சென்டரில் பழக்கம்.

அன்று மலையில் நல்ல மழை. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போன ஜீப் ஒரு வளைவில் சறுக்கி, ஒரு அம்மாவுக்குக் கம்பியில் தலை இடித்துவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி, தங்கையோடு தானே நடந்துதான் உள்ளே வந்தார். ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். 150 வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை.

"போயிருச்சா தாயி? மத்தவுக ஜீப்புல காத்துக்கிட்டு இருக்காக" என்றார் தங்கை.

"இன்னும் இல்லக்கா, கொஞ்சம் இருங்க."

"என் மண்டைக்குள்ள அம்புட்டுக்கு என்னத்த கண்ட, இம்புட்டு நேரம் போகுது?" என்று அடிபட்டவரே சிரித்தார்.

கவுன்டரில் இருந்த சீனியர் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அதான் 150 வந்துருச்சுல்ல, போயிருச்சுன்னு சொல்லும்மா. கேஸ் அடுப்ப அணைச்சமான்னு வீட்டுக்கு ரெண்டு தடவ போன் போடுற ஆளு நீ. ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

அவர் சொல்வது சரியாக இருக்குமோ? காலையிலேயே என் பிள்ளைக்குக் காய்ச்சல். மாமியார் வேறு போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் கிளம்பிவிடலாம். ஆனால் 226 வராமல் சொல்ல மனமில்லாமல் திரையையே பார்த்திருந்தேன்.

திரையில் 426 விழுந்தது. பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது. நான்கில் தொடங்கும் எண் என்றால் சர்வர் ஒரேயடியாக மறுக்கவில்லை, திரும்ப முயலலாம் என்று அர்த்தம். முயன்றேன். மறுபடி 150, மறுபடி 426. மழையில் எங்கள் லைன்தான் விட்டு விட்டு வந்தது.

"தூக்கமா வருது, வீட்டுக்குப் போவம்" என்று அந்த அம்மா தங்கையின் தோளில் சாய்ந்தார். அதற்குமேல் அந்த லைனை நம்பிக் காத்திருக்கவில்லை. என் செல்போனை ஜன்னலோரம் வைத்து, அதன் நெட்டில் கம்ப்யூட்டரை இணைத்து அனுப்பினேன். 150. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். 226.

கொஞ்ச நேரத்தில், அவர்கள் பணம் கட்டிக் கிளம்புவதற்குள் டாக்டரே கூப்பிட்டார். போனை எடுத்த அக்காவின் முகம் வெளுத்தது. "உள்ள ரத்தம் கசியுதாம். வீட்டுக்கு விடாதீக, இப்பவே தேனிக்குக் கொண்டு போகணும்" என்றார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டார் என்ற சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று நான் "போயிருச்சு" என்று சொல்லியிருந்தால், அவர் நிம்மதியாகத் தூங்கியபடியே ஊருக்குப் போய், எழுந்திருக்காமலே போயிருப்பார், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான், இன்றும் 226 வரும் வரை நான் யாரையும் அனுப்புவதில்லை.