ஜெரினா எடுத்த மூன்று வாடகை இடங்கள்

ஜெரினாவின் கம்ப்யூட்டர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் அவள் குழம்பிய நாளெல்லாம் நானும் கூடவே குழம்பினேன். அவளாவது படித்தவள், பி.சி.ஏ. எனக்கு என்ன தலையெழுத்தோ.

செராமிக் எஸ்டேட்டில் மூன்று பட்டறைக்காரர்களுக்கு அவள் ஒரு ஆப் எழுதிக் கொடுத்திருந்தாள். பொம்மைக்கும் ப்யூஸ் கட்டைக்கும் பூசுகிற கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சில், எந்தப் பொடி எவ்வளவு, சூளையில் எவ்வளவு சூடு, வெளியே எடுத்தபோது பளபளத்ததா வெடித்ததா, எல்லாவற்றையும் போனிலேயே பதிந்துகொள்ளலாம். பதிந்ததெல்லாம் அவள் கடைக் கம்ப்யூட்டரில் போய் உட்காரும். ஒருநாள் கரண்ட் வந்து வந்து போனதில் அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. பென்டிரைவில் ஒரு நகல் இருந்ததால் தப்பித்தாள்.

கத்தாரில் இருக்கும் அவள் கணவன் சலீமுக்கு இந்தக் கடை முதலிலிருந்தே பிடிக்காது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை மூடிவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்றான். இவளும் ரோஷத்தில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தக் கடை அவள் தனியாக நின்று உண்டாக்கியது. அதை மூடுவது என்றால் அவளுக்கு உயிர் போகிற மாதிரி.

"கிளவுடுல, அதான் நெட்டு வழியா பெரிய கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல, வாடகைக்கு எடம் எடுத்துட்டா போதும்ண்ணே. அவங்களே நகல் எடுப்பாங்க, அவங்களே பழுது பாப்பாங்க" என்றாள்.

எடுக்கலாம், யாரிடம் எடுப்பது? ஒரு கம்பெனி மும்பையில் வைக்கிறேன் என்றது, இன்னொன்று சிங்கப்பூரில் வைக்கிறேன் என்றது, மூன்றாவது எங்கே வைக்கும் என்றே சொல்லவில்லை. ஒருவன் தினம் ஒரு நகல் எடுப்பான், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டான். ஒருவன், விவரம் எந்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அந்த நிமிடத்துக்கே திரும்பிப் போகலாம் என்றான். போய் என்ன செய்வது என்று நான் கேட்டேன், ஜெரினா முறைத்தாள். ஒருவனுடையது வேலை இருந்தால் ஓடுமாம், இல்லாவிட்டால் தூங்குமாம், ஓடிய நேரத்துக்கு மட்டும் வாடகையாம். ஒப்பிட்டுப் பார்க்க அவள் திறந்த பக்கங்களில் எல்லாம் எல்லோருக்கும் பச்சை டிக்தான் போட்டிருந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு நடுவே வாடிக்கைக்காரர்கள் வேறு. மூன்று பேர் விவரமும் ஒரே இடத்தில் இருக்கும் என்று அவள் வாயை விட்டதும் பொம்மைப் பட்டறை அன்புச்செல்வன் எழுந்துவிட்டார்.

"என் கலவையும் தங்கராசு கலவையும் ஒரே வூட்டுல இருக்குமா? அதெல்லாம் ஆவாதும்மா!"

இவர்கள் மூன்று பேர் சரக்கும் பொதுச் சூளைக்குள் தள்ளுகிற ஒரே வண்டியில் ஒட்டி உட்கார்ந்துதான் வேகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் மட்டும் தீட்டு!

சரி, ஆளுக்கு ஒரு கம்பெனி என்று முடிவாயிற்று. மூன்றிலும் இலவச வாய்ப்பு இருந்தது. எது நல்லது என்று பார்த்த மாதிரியும் ஆகும் என்று ஜெரினா தன்னைத் தேற்றிக்கொண்டாள். தங்கராசுவின் விவரம் மும்பைக்குப் போனது. இன்னொரு பட்டறைக்காரரான சொர்ணாம்பாள் அம்மாவின் விவரம் சிங்கப்பூருக்குப் போனது. அன்புச்செல்வனுடையது ஊர் பேர் சொல்லாதவனிடம் போனது. பென்டிரைவில் இருந்த தன் நகலை அன்புச்செல்வன் பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மண் காயாமல் பட்டறை மூன்றும் படுத்துவிட்டன. ஆப்பை யாரும் தொடவில்லை.

"ஏம்மா, உள்ள எல்லாம் இருக்குதான்னு பாத்தியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சூளைய மூடிட்டுத் தொறந்து தொறந்து பாப்பாங்களாண்ணே? வெச்சது வெச்சபடி இருக்கட்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எஸ்டேட்டுத் தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆறும் முன் கதவைத் திறந்தால் சரக்கு விரிசல் விடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தொடாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பத்திரம். கிளவுடுக்காரனோ, ஆள் வராவிட்டால் குடித்தனக்காரன் ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறான்.

வெயில் வந்ததும் திறந்தாள். மும்பை அப்படியே இருந்தது. சிங்கப்பூர் தூங்கிக் கிடந்தது, எழுப்பியதும் சாவகாசமாக எழுந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. இலவசக் காலம் முடிந்தது, நீங்கள் வரவில்லை, அழித்துவிட்டோம் என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. இதற்கென்றே திறந்து பிறகு எட்டிக்கூடப் பார்க்காத மெயிலில் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து கிடந்தன. அழாத குறையாக அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில் வந்தது.

"எதையாவது நம்பரப் போட்டு ரொப்பி வெச்சுடும்மா. அந்த ஆளு எங்க கண்டுபுடிக்கப் போறாரு" என்றேன். எனக்கு அவள் கடை மூடாமல் இருந்தால் போதும்.

அவள் கடையைப் பூட்டினாள். என் ஸ்கூட்டரில்தான் போனோம்.

அன்புச்செல்வன் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். ஜெரினா நின்றபடியே சொல்லிவிட்டாள். "அண்ணே, உங்களுது எல்லாம் போயிடுச்சு. என் தப்புதான். தொறந்து பாத்திருக்கணும், பாக்கல."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. திட்டப்போகிறார் என்று நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"நான் ஒனக்குக் குடுத்தது நெசமான அளவுன்னு யாரும்மா சொன்னது?" என்றார். "எல்லாத்துலயும் கூட்டிக் கொறச்சுதான் போட்டேன். படிக்கும்போது நானே மனசுல சரி பண்ணிக்குவேன்."

ஜெரினாவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதுவிட்டாள். "அப்ப என்னய நீங்க நம்பவே இல்லயாண்ணே? பொய்ய வெக்கறதுக்கா இவ்ளோ நாளா எடம் தேடுனேன்?"

அவர் கையிலிருந்த சாயத்தைத் துடைத்தார். "தொலச்சவங்க யாரும் வந்து தொலச்சுட்டேன்னு எங்கிட்ட சொன்னதில்லம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்க" என்றார்.

நான் வெளியே நின்றேன். உள்ளே அவர் ஒவ்வொரு பொடியாகச் சொல்வதும் அவள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதும் முணுமுணுப்பாகக் கேட்டது.

திரும்பும்போது வழியில் பாலக்கரை என்ற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். மும்பையா, சிங்கப்பூரா, எதில் வைப்பது என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. போனை எடுத்துச் சலீமைக் கூப்பிட்டாள்.

"மறுபடியும் போயிடுச்சுங்க" என்றாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ ஆரம்பித்தான். "வாக்குக் குடுத்தேன்தான். ஆனா இப்பதான் ஒருத்தரு எங்கிட்ட நெசத்தக் குடுத்திருக்காரு. நான் வரமாட்டேங்க."