வேலி தாண்டிய நத்தைகள்

எனிட் சவர்பி இருபத்தாறு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில், மஞ்சள் கோட்டும் கையில் ‘நில்’ பலகையுமாக நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள். கல் ஏற்றிய லாரியோ நகராட்சித் தலைவரின் காரோ, அவள் பலகையைத் தூக்கினால் நின்றாக வேண்டும். ஓய்வு பெற்றதும் அந்த அதிகாரத்தை எங்கே செலுத்துவது என்று தெரியாமல், கால்வாய்க்கரையில் நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத்தில் ஒரு துண்டு கேட்டு விண்ணப்பம் போட்டாள். நான்கு வருடம் காத்திருந்த பிறகு பதினேழாம் எண் கிடைத்தது.

என் துண்டு அதற்குக் கீழே, சரிவில். அவளுக்குப் பக்கத்தில், உயிர்வேலிக்கு அந்தப்புறம் க்ளெமென்ட் பாரக்ளஃப். பஸ் ஓட்டியவன். பாதிரியார் உட்பட எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவான். மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அவள் வந்த நான்காம் வருடம், ஜூன் முதல் வாரத்தில் பிடித்த மழை, கோடைக்காலம் முழுக்க விடவில்லை. வட இங்கிலாந்தில் எங்கள் யார்க்ஷயர்க்காரர்கள் மழையைக் குறை சொல்லும் ஜாதி இல்லை. நாங்களே குறை சொன்னோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராபெரிப் பழங்கள் சிவப்பதற்கு முன்பே சாம்பல் பூத்து அழுகின. எனிட் நாற்பது பீன்ஸ் நாற்று நட்டிருந்தாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது நாற்பது தண்டு மட்டும் இருந்தது, இலையைக் காணோம். நத்தை.

நத்தை ஊராமலிருக்க முட்டை ஓட்டை நொறுக்கித் தூவினாள். வாசனைக்கு வந்து மாட்டட்டும் என்று கிண்ணங்களில் பீர் ஊற்றி வைத்தாள். பீர் வீணாகிறதே என்று க்ளெம் வேலி வழியாக எட்டிப் பார்த்து மிகவும் வருந்தினான். அவள் இரண்டாம் முறை நட்டதும் போயிற்று. கடைசியில் தினமும் காலையில் வாளியோடு வந்து நத்தைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நசுக்க மனம் வரவில்லை. மெதுவாக நகர்கிறவர்களைப் பத்திரமாக அந்தப் பக்கம் சேர்ப்பதுதானே அவள் செய்துவந்த வேலை! அதனால் வாளியை அப்படியே வேலிக்கு அந்தப்புறம் கவிழ்த்தாள். க்ளெமிடம் முட்டைக்கோஸ் ஏராளம், நாலு இலை போனால் அவனுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

எத்தனை கவிழ்த்தும் எண்ணிக்கை குறையவில்லை. நத்தைகள் வீடு திரும்பும் என்று அவள் தங்கை தொலைபேசியில் சொன்னாள். எனிட் இதை நம்பவில்லை. ஆனாலும், பேரன் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, கொட்டகைக்குள் உட்கார்ந்து முப்பது நத்தைகளின் முதுகில் ஆளுக்கொரு பொட்டு வைத்து அனுப்பினாள்.

ஐந்தாம் நாள், பீன்ஸ் கம்புகளின் அடியில் பதினொரு சிவப்புப் பொட்டுகள். அவற்றுக்கு நடுவே நான்கு நீலப் பொட்டுகள்.

இரண்டு நிறமும் என் பாத்திகளுக்கும் வந்துகொண்டுதான் இருந்தன. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு விவகாரம் என்று வாயைத் திறக்கவில்லை.

எனிட் ஒரு நீலப் பொட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, மழையில், நேரே வேலியைச் சுற்றி நடந்தாள்.

“க்ளெம், உன் கொட்டகைக் கதவுக்கு என்ன பெயிண்ட் அடிச்ச?”

“நீலம். ஏன் கண்ணு?”

அவள் உள்ளங்கையை நீட்டினாள். க்ளெம் குனிந்து, தூரத்து உறவினரை அடையாளம் காண்கிறவன் போல அதைப் பார்த்தான்.

“அந்த சிவப்பு நீதானா? நான் யாரோ பசங்க வேலைன்னு நெனச்சேன்.”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“மூணு வருஷமா. பெயிண்ட் இந்த வருஷந்தான். திரும்பி வருதான்னு பாக்கணும்ல.”

“போன வருஷம் லெட்டூஸ் மொத்தமும் போச்சுன்னு உங்கிட்டதான வந்து அழுதேன். நீ டீ போட்டுக் குடுத்த.”

“மனசு கேக்கல கண்ணு. அதான் டீ போட்டேன்.”

தானும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம் என்பது கோபத்தில் அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. ஒன்பது நாள் பேசவில்லை. வேலிக்கு அந்தப்புறம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னைக் கூப்பிட்டு உரக்கச் சொன்னாள்.

பத்தாம் நாள் க்ளெமின் உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வந்தது. இலையெல்லாம் கறுத்து நாறியது. அன்றைக்கே செடிகளை வெட்டி அகற்றாவிட்டால் மண்ணுக்குள் கிழங்கும் அழுகிவிடும். பஸ் சீட்டில் நாற்பது வருடம் உட்கார்ந்த முதுகு அவனுடையது. இரண்டு வரிசை முடிவதற்குள் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். எனிட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய், மறுமுனையிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். நானும் போனேன். இருட்டுவதற்குள் முடித்தோம். டீ போடட்டுமா என்று க்ளெம் கேட்டான். எனிட் அவன் டீயே வேண்டாம் என்று என் ஃபிளாஸ்க்கை வாங்கிக் குடித்தாள்.

அதன் பிறகு இருவரும் ஆளுக்கொரு வாளியோடு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, அரை மைல் நடந்து, காஞ்சொறிப் புதருக்குள் நத்தைகளைக் கொட்டிவிட்டு வருவது வழக்கமாயிற்று. ஒருநாள் தோட்டச் சங்கத்துச் செயலாளர் அம்மா எதிரே வந்து, வாளியில் என்ன என்று விசாரித்தாள்.

“காலாற நடக்கக் கூட்டிட்டுப் போறோம் கண்ணு,” என்றான் க்ளெம்.

ஆகஸ்ட் கடைசியில் காய்கறிக் கண்காட்சி. மேசைகள் பாதி காலி. மூன்று பீட்ரூட் என்ற பிரிவில் எனிட் வைத்ததைத் தவிர வேறு தட்டே இல்லை. முதல் பரிசு உறுதி என்று புதுத் தொப்பியோடு வந்தாள். நடுவர் அவள் தட்டின்மேல் இரண்டாம் பரிசு அட்டையை வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் பரிசு யாருக்கு என்று துரத்திக்கொண்டு போய்க் கேட்டாள். யாருக்கும் இல்லை, அந்தத் தரத்துக்கு எதுவும் வரவில்லை என்றார். தனியாக ஓடி இரண்டாவதாக வந்த ஒரே ஆள் என்று க்ளெம் ஊரெல்லாம் சொன்னான். அவளும் அதை மறுக்கவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம், பறிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத பாத்திகளின்மேல் வெயில் அடித்தது. எனிட் வெறும் மண்ணில் சாய்வு நாற்காலியைப் போட்டு, அப்படியே தூங்கிப்போனாள். மாலையில் எழுந்தபோது மூக்கு வெந்திருந்தது. ஒரு வாரம் தோல் உரிந்தது.